இரண்டாம் அடுக்கு

புகார் எழுதியது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரேமன் நகரில், வேசர் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஒடுக்கமான எங்கள் கட்டடத்தில்
நான்கு வீடு, ஒரே படிக்கட்டு.
படிகள் சுற்றி ஏறும் நடுவெளியில்
பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு ராக்கெட்
வளர்ந்து வளர்ந்து
மூன்று மீட்டர் எழுபதில் வந்து நின்றது.
மனிதரை நிலாவுக்குக் கொண்டுபோனதே, அதன் அச்சு.
கட்டியவள் பரண்வீட்டு வீப்கே ஓஸ்டர்லோ,
பகலில் ட்ராம் பணிமனையில் பிரேக் பார்ப்பவள்.
அவள் அறைக்கு இருபுறமும் சரிந்த கூரை.
அதில் அவளே குனிந்துதான் நடப்பாள்.

சனிக்கிழமைதோறும்
சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிய பழங்கட்டைகளைத்
தலையணை உறையில் முடிந்து
நிலவறை வாஷிங் மெஷினில் போடுவாள்.
ஒன்றரை மணி நேரம் ஆலங்கட்டி மழை.
நானோ ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் படுத்தவன்.
கண் சொக்கும் நேரம் கதவுக்கு வெளியே ‘டக்’.
அப்புறம் நீண்ட யோசனை.
அப்புறம் ‘டக்’.

வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று
அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்:
புதுவெள்ளை, பால்வெள்ளை,
யாரோ புகைபிடித்த வீட்டு வெள்ளை,
ஜன்னலோரம் கிடந்து பல்லாய் மஞ்சளித்த வெள்ளை.
ஒவ்வொன்றையும் படிவிளக்கில் காட்டிப் பார்ப்பாள்.
சிலவற்றில் ஏதோ குழந்தையின் கடித்தடம்.
‘பசை போட்டால் உறுதியாய் நிற்குமே’ என்றேன் ஒருநாள்,
ஷூவைக் கழற்றியபடி.
‘போட்டால் பிரியாதே’ என்றாள்.
பிரிப்பதற்காகவா ஒருத்தி இத்தனை சேர்ப்பாள்?
கதவைச் சாத்திக்கொண்டேன்.
அன்றைக்குத்தான் அந்தக் கடிதம்.

மார்ச்சில் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்தார்.
டேப்பை நீட்டினார்,
கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார்,
‘அழகுதான்’ என்றார். ‘பதினான்கு நாள்.’
யார் எழுதியது என்று வீப்கே கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

பிரிக்கும் நாளில் ஏணி பிடிக்க ஆள் தேவைப்பட்டது.
பிடித்தேன்.
மூன்றாம் அடுக்கை அவள் லேசாக அசைத்துத் தூக்க
கழுத்து திறந்தது.
வெளியே கறுப்பும் வெள்ளையுமாய் அத்தனை கண்ணியம்.
உள்ளே திருவிழாக் கடை:
சிவப்பு, கிளிப்பச்சை, யாரோ இடித்த கோட்டையின் சாம்பல்,
கொள்ளையர் கப்பலின் பழுப்பு,
ஒரு பண்ணைவீட்டுக் கதவு, திறந்தபடியே.
‘யார் பார்க்கப்போகிறார்கள்? வெள்ளை விலை அதிகம்.’
பிறருக்குள் பார்ப்பதே என் பிழைப்பு.
இருபது வருடத்தில்
எவருக்குள்ளும் இப்படி இருந்ததில்லை.

எங்கே வைப்பது?
தரைத்தளத்து ஸெஹ்ரா அக்புலுத்
‘துணி காயப்போடும் மூலை சும்மாதான் கிடக்கிறது’ என்று
முதல் அடுக்கை, ஐந்து எஞ்சினோடு, வாங்கிக்கொண்டாள்.
எனக்கு மேல்வீட்டு மாணவன் ட்யார்க் மூன்றாவதை.
நடுவில் இருப்பது என் வீடு.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதுதான் பொறுக்கவில்லை.
‘கொடுங்கள்’ என்றேன்.

எல்லா வீட்டுக்கும் தெருப்பக்க மூலை
ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அமைந்திருக்கிறது.
ஆகவே ராக்கெட் நின்றபடிதான் நிற்கிறது,
இடையிடையே கொஞ்சம் காங்கிரீட்,
ஸெஹ்ராவின் அலங்கார விளக்கு,
என் கம்பளம், ட்யார்க்கின் பீர்ப்பெட்டி.
உச்சியிலிருந்த முழநீள முள் மட்டும்
பரணில், கூரைஜன்னலுக்குக் கீழே.
கட்டியவளுக்கு மிஞ்சியது அதுதான்.

நேற்றுக் கதவைத் தட்டினாள்.
கையில் டேப், தூக்குக்குண்டு.
என் மூலையில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு,
‘உங்களுடையது நான்கு குமிழ்
ஜன்னல் பக்கம் தள்ளியிருக்கிறது.’
ஆளுக்கொரு பக்கம் அணைத்துப் பிடித்து நகர்த்தினோம்.
உள்ளே எதுவோ,
அந்தக் கதவாகத்தான் இருக்க வேண்டும்,
ஒருமுறை ஆடி நின்றது.
‘போதுமா?’
‘இன்னும் ஒரு குமிழ்’ என்றாள்.